திட்டாதவங்க டீ போடணும்

— அந்த வாளியையும் கட்டணுமா? நிஜமாத்தான் சொல்றியா, எக்ஸ்ரே?

— ஆமா. கட்டு.

— அடியே, அது உன் கட்டிலுக்கு மேல ஒழுகுற தண்ணியைப் பிடிக்க வாங்கின வாளி. உங்க அண்ணன் வீடு ஒழுகவா போகுது? புது வீடு. மாடி ரூம் உனக்கே உனக்குன்னு அண்ணி சொன்னதா நீதானே சொன்னே.

— வாளி என்னோடது. கட்டு, மாத்திரை.

— சரி சரி, கட்டுறேன். படம் எடுக்க வர்றவங்களை அதட்டுற மாதிரியே என்னையும் அதட்டு. "மூச்சை இழு, அசையாதே, விடு." நானும் அதே ஆஸ்பத்திரியிலதான் மருந்து கொடுக்குற ஜன்னல்ல நிக்கிறேன். யாரையாவது ஒரு அதட்டு அதட்டியிருக்கேனா?

— நீ அதட்ட மாட்டே. பேசியே கொன்னுடுவே. சளி மருந்து வாங்க வந்தவன், தலைவலி மாத்திரையும் சேர்த்து வாங்கிட்டுப் போவான்.

— பாரேன், சிரிச்சுட்டே! காலையிலேர்ந்து மூஞ்சியை உம்முன்னு வச்சிருந்தே.

— சிரிக்கல.

— சிரிச்சே. காலையிலேர்ந்துன்னா சொன்னேன்? டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த நாள்லேர்ந்தே இப்படித்தான் இருக்கே. நான் வாய் ஓயாம பேசுறேன், நீ "ம்"ங்கிறே. யாராவது கேட்டா, ஏதோ சம்பந்தி சண்டைன்னு நினைப்பாங்க.

— பேச என்ன இருக்கு? போறேன். அவ்வளவுதான்.

— ஒண்ணும் இல்லையா? இங்க வந்த புதுசுல உன் பெட்டியை நீ பிரிக்கவே இல்ல, ஞாபகம் இருக்கா? இந்த ஊர் நமக்கு ஒத்து வராது, அடுத்த வாரமே ஓடிடணும்னு கட்டின பெட்டி கட்டினபடி கெடந்துச்சு.

— நீதான் பிரிச்சே.

— டம்ளர் கடன் கேட்டுல்ல வந்தேன்?

— கடன் கேக்க வந்தவ, என் துணியெல்லாம் எடுத்து அலமாரியில அடுக்கிட்டுப் போனே. டம்ளரை மறந்துட்டே.

— அது மறதி இல்லடி. என் வீட்ல டம்ளருக்கு என்ன பஞ்சமா? எதிர் வீட்டுக்கு ஒருத்தி வந்திருக்கா, வந்ததுலேர்ந்து கதவைத் திறக்கல, சும்மா எப்படிப் போய் நிக்கிறது? சரி, வண்டி எத்தனை மணிக்கு?

— நாலுக்கு.

— அப்போ நேரம் இருக்கு. ஜன்னல்கிட்ட வந்து உக்காரு. கடைசியா ஒரு ஆட்டம் ஆடிடலாம்.

— வேணாம்.

— வாடி. ஊரைத் திட்டாம ஒரு சாயங்காலமாவது கழிஞ்சிருக்கா நமக்கு? டியூட்டி முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டினதும் திட்டு. திட்டாதவங்க டீ போடணும். நீ போட்ட சட்டம்தானே?

— பாத்திரமெல்லாம் கட்டியாச்சு.

— என் வீட்ல இருக்கு. எதிர்க் கதவுதானே? சரி, நானே ஆரம்பிக்கிறேன். ம்... அந்தச் சாக்கடை.

— சாக்கடைக்கு என்ன?

— நாறுது.

— இது ஒரு திட்டா? சாக்கடை நாறாம மணக்கவா செய்யும்? இத்தனை வருஷத்துல உன் வாயிலேர்ந்து உருப்படியா ஒரு திட்டு வந்ததில்ல.

— எங்கே, நீ சொல்லு பார்ப்போம்.

— குழாயைத் திறந்தா காத்து வருது, ஜன்னலைத் திறந்தா ஜெனரேட்டர் புகை வருது. பஸ்ஸுக்கு நின்னா மழை வருது, குடையை விரிச்சா பஸ் வருது. லிஃப்ட்டு நான் வந்த நாள்லேர்ந்து ரிப்பேர்ல இருக்கு, ரிப்பேர் பண்ண வந்தவனுக்கு இந்நேரம் பேரன் பொறந்திருப்பான். இந்த ஊருக்கு எனக்கு வழி சொன்னவன் மட்டும் கையில கிடைக்கட்டும், அசையாம நிக்க வச்சு எலும்பு எலும்பா படம் எடுக்கிறேன்!

— ஐயோ, போதும்டி, வயிறு வலிக்குது! தோத்துட்டேன். எப்பவும் போல நானே டீ போடுறேன்.

— அம்மா, உள்ளே வரலாமா?

— வாங்க, ஹவுஸ் ஓனர் சார். நாற்காலியெல்லாம் கட்டியாச்சு. நின்னுக்கிட்டுதான் பேசணும்.

— பரவால்லம்மா. அதாவது பாருங்க, சாவியை வாங்கிக்கலாம்னு வந்தேன். புதுசா வர்றவங்க நாளைக்கே சாமானோட வர்றாங்க.

— மேல ஒழுகுறதை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா சார்?

— அதாவது பாருங்க எக்ஸ்ரேம்மா, அது ஒழுகல் இல்ல. கசிவு.

— கசிவுக்கு வாளி கேக்குமா சார்?

— போற நேரத்துல அந்தப் பேச்சு எதுக்கு? நான் எத்தனையோ குடித்தனக்காரங்களைப் பார்த்துட்டேன், உங்க ரெண்டு பேர் மாதிரி பார்த்ததில்ல. அதிலயும் இந்த மருந்தம்மாவுக்கு முன்யோசனை பாருங்க! உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடியே வந்து, "சார், எதிர் வீடு காலியாகும், யாராவது கலகலன்னு பேசுறவங்களா பார்த்து வைங்க"ன்னு சொல்லிட்டாங்க.

— சார், டீ சாப்பிடுறீங்களா?

— வேணாம்மா, எனக்கு சர்க்கரை. சொல்லிட்டுப் போனவங்க போனாங்களா? படிக்கட்டுலயே உக்காந்து ஒரே அழுகை. நான்தான் பயந்துபோய்த் தண்ணி எடுத்துக் கொடுத்தேன்.

— சார், சாவியை வண்டி வந்ததும் கீழே கொண்டுவந்து தர்றோம். நீங்க போங்க.

— கீழேதான்மா இருப்பேன். நான் எங்கே போகப் போறேன்.

— ...உளறுவாயன். ஒழுகல் இல்லையாம், கசிவாம். இரு, நான் போய் டீக்குத் தண்ணி வைக்கிறேன்.

— நில்லு. படிக்கட்டுல உக்காந்து அழுதியா?

— தூசிடி. அந்தப் படியை என்னைக்குப் பெருக்கியிருக்காங்க?

— மாத்திரை. அசையாதே. என் முகத்தைப் பாரு. எதுக்கு அழுதே?

— ஆமாடி, ஆமா! நான்தான் பெரிய டாக்டர்கிட்ட போய்க் கேட்டேன். அவ அண்ணன் இருக்கிற ஊர்ல நம்ம கிளை ஆஸ்பத்திரி இருக்கே, அங்க மாத்திக் கொடுங்கன்னு. போதுமா?

— நான் கேட்டது அது இல்ல. எதுக்கு அழுதே?

— எதுக்கா? நல்லாக் கேட்டே போ! நாளைக்குச் செருப்பைக் கழட்டிட்டு நான் எந்தக் கதவைத் தட்டுவேன்? அழாம ஆடவா செய்வாங்க?

— அப்புறம் எதுக்குடி போய்க் கேட்டே?

— தினம் தினம் இந்த ஊரைத் திட்டினது யாரு? நானா?

— அது ஆட்டம்டி! டீ போடச் சோம்பேறித்தனம்! திட்டு கிடைக்கலன்னா நான்ல அடுப்படிக்குப் போகணும்? மத்தியானம் படம் எடுத்துக்கிட்டே சாயங்காலத்துக்குத் திட்டு யோசிச்சு வச்சுப்பேன்.

— ஆட்டமா? அப்போ அன்னைக்கு எக்ஸ்ரே ரூம்ல லைட்டை அணைச்சுட்டு உக்காந்து அழுதியே, அதுவும் ஆட்டமா? மழை பெஞ்சு உன் மெத்தையெல்லாம் ஊறிப்போச்சே, அதுக்கு மறுநாள். "முடியலடி, எங்கயாவது ஓடிப்போயிடலாம் போல இருக்கு"ன்னு நீ சொல்லல? என் தோள்ல சாஞ்சு சொல்லல?

— பல்லு வலி.

— என்னது?

— கடவாப் பல்லு. உயிர் போச்சு.

— பல்லு வலின்னு சொல்றதுக்கென்ன?

— சொன்னா விடுவியா? அந்த நிமிஷமே பல்லு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போய் பிடுங்க வச்சிருப்பே. எனக்குப் பயம்.

— அடிப்பாவி! ஊரார் எலும்பையெல்லாம் பார்க்கிறவளுக்குப் பல்லு பிடுங்கப் பயமா? உன் பல்லு வலிக்காடி நான் பெரிய டாக்டர் ரூம் வாசல்ல காத்துக் கெடந்தேன்? பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கா முடிஞ்சிருக்கே!

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

— கேட்டா என்ன சொல்லியிருப்பே? "உன்னை விட்டுட்டு எப்படிப் போவேன்"னு சொல்லியிருப்பே. அதைக் காதால கேட்டுட்டா அப்புறம் உன்னை அனுப்ப எனக்கு மனசு வருமா? என் பையன் ஃபோன் பண்றப்போ எல்லாம், அந்த ஒழுகல் வீட்ல என்னம்மா இருக்கு, கிளம்பி வான்னு சொல்றான். என்னன்னு சொல்லுவேன் அவன்கிட்ட? எதிர் வீட்ல ஒருத்தி இருக்கா, நல்லாத் திட்டுவான்னா? எனக்கு இந்த ஊர்ல ஒரு குறையும் கண்ணுல பட மாட்டேங்குதுடி. அதனாலதான் தோத்துக்கிட்டே இருந்தேன். நீ அப்படி அழவும், என் சுகத்துக்காக உன்னை இங்க பிடிச்சு வச்சிருக்கேனோன்னு உறுத்துச்சு.

— பெரிய தியாகி.

— திட்டு, நல்லாத் திட்டு. செருப்பை மாட்டு. இப்பவே போவோம். பெரிய டாக்டர் கால்ல விழுந்தாவது ஆர்டரை ரத்து பண்ணச் சொல்றேன். போட்டவருக்கு எடுக்கத் தெரியாதா?

— என் இடத்துக்குப் புதுப் பொண்ணு சேர்ந்தாச்சு. மிஷின் வேலையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எங்கேயோ இருந்து அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு, வீடெல்லாம் பார்த்துட்டு வந்திருக்கா. திரும்பிப் போன்னு அவகிட்ட நீ போய்ச் சொல்றியா?

— ...மாட்டேன்.

— அப்போ வாளியைக் கட்டு.

— எப்படிடி இவ்வளவு சாதாரணமா சொல்றே? உண்மையைச் சொல்லு. உனக்குப் போக இஷ்டமா இல்லையா?

— இல்ல.

— துளிகூட?

— துளிகூட இல்ல. அண்ணி நல்லவங்கதான். அந்த வீட்ல நான் யாரைத் திட்டுவேன்?

— அப்புறம் ஏன்டி சம்மதம்னு கையெழுத்துப் போட்டே? கேக்காம யாரையும் மாத்துற மனுஷன் இல்லையே அவர்! உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாரே?

— கேட்டார்.

— வேணாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு வாயில என்ன, அன்னைக்கும் பல்லு வலியா?

— சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர், "எப்படியாவது அவளை இங்கேருந்து அனுப்பிடுங்கன்னு உங்க ஃப்ரெண்டுதாம்மா வந்து கெஞ்சினாங்க"ன்னார். நீயே என்னை அனுப்பணும்னு நினைச்சுட்டே, அப்புறம் இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கான்னுதான் போட்டேன்.