கடல் ஒருத்தரையும் கொண்டு போகல்ல

– அலையும் கடலும் வேற வேறயா கனகு? இல்லியே. அலை எழும்பும், விழும். கடல் அப்பிடியே இரிக்கும். விளங்கிச்சா? போனவ எண்டு ஒருத்தியும் இல்ல, மிஞ்சினவன் எண்டு ஒருத்தனும் இல்ல. கடல் ஒருத்தரையும் கொண்டு போகல்ல. இரிக்கிறது ஒண்டு.

– மசூர் காக்கா, உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன். வேற எதையும் சொல்லுங்க. அலைய மட்டும் எனக்குச் சொல்லாதீங்க.

– ஏன்? நீ கடல் தொழில் செய்றவன். உனக்கு லேசா விளங்கும் எண்டுதான் சொன்ன.

– கடல் தொழில் செய்றவன் எண்டபடியாத்தான் சொல்றன். அந்த ஞாயித்துக்கிழம ஊருக்குள்ள வந்தது கடல் இல்ல, அலைதான். கடலெண்டா அது தன்ட பாட்டுல அங்க கிடந்திருக்கும். என்ட கேசினியும் உங்கட றிஸ்னாவும் இப்ப ஆறாம் வகுப்புக்கோ ஏழாம் வகுப்புக்கோ போயிருப்பாங்க.

– பிளேன்டீயக் குடிங்க அண்ணன், ஆறுது. இவர் இப்பிடித்தான். அந்த சூஃபி மஜ்லிசுக்குப் போகத் தொடங்கின நாள்ல இருந்து இந்த வீட்டுல எல்லாம் ஒண்டுதான். சோத்துல உப்பு இல்லாட்டி மட்டும் ரெண்டாப் போயிரும்.

– றாஹிலா, நீ குசினிக்குப் போ புள்ள.

– குசினியும் இதுவும் ஒண்டுதானே. இஞ்சயே இரிக்கன்.

– பாத்தியா கனகு? மனுசன் ஹக்கான, உண்மையான விசயம் கதைக்கக்குள்ள இவளுக்குப் பகிடி. அஞ்சு வருசமா இதுதான்.

– எனக்குச் சிரிக்கவும் ஏலாமக் கிடக்கு காக்கா. நேத்துத்தான் வவுனியாவுல இருந்து வந்தம். நானும் என்ட பொஞ்சாதி பாலம்மாவும்.

– அகதி முகாமுக்கா போன?

– ஓம். சண்ட முடிஞ்சுதானே, இப்ப ஆக்கள வெளிய விடுறாங்க. வாசல்ல நிண்டு வாற பஸ்ஸெல்லாம் பாத்தம். கேசினிட வயசுப் புள்ளைகள் எத்தின எண்டு இல்ல. பாலம்மா ஒவ்வொண்டின்ட முகத்தையும் கையால புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அதுகள் பயந்துட்டுதுகள். ஒரு புள்ளட தாய் வந்து ஏசினா. ஏசத்தானே செய்வா.

– அண்ணன், அந்த வள்ளத்துக் கதைய நீங்க இன்னமுமா நம்பின?

– நான் நம்பல்ல தங்கச்சி. பாலம்மா நம்பினா. சுனாமிக்கு அடுத்த கிழம எவனோ வந்து சொல்லிப் போட்டுப் போனானே, ஒரு பொம்புளப் புள்ளய வள்ளத்துல தூக்கிப் போட்டு வடக்க கொண்டு போனாங்க எண்டு. ஆளும் தெரியா, ஊரும் தெரியா. பொறகு சண்ட, பாத பூட்டு. போய்ப் பாக்க ஏலாததால நம்பிக்கொண்டே இருந்தா. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு சட்ட தைப்பா, அளவு கூட்டிக் கூட்டி. இப்ப பாத திறந்துட்டுது. நம்பவும் வழியில்லாமப் போச்சு.

– யா அல்லாஹ்.

– வந்ததுல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல்ல. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடக்கா.

– அவவுக்கு நான் சொல்றதச் சொல்லு கனகு. எடுத்தவனும் அவன், குடுத்தவனும் அவன். செய்ற ஆள் எண்டு வேற ஒருத்தன் இல்ல. அது விளங்கினா மனசு அடங்கிரும்.

– அப்ப ரோட்ட மறிச்சவனும் அவன்தானா? வெடி வெச்சவன்? எங்கட ஆக்கள் உங்கட ஆக்களுக்குச் செஞ்சது, உங்கட ஆக்கள் எங்களுக்குச் செஞ்சது? ஒருத்தரும் ஒண்டும் செய்யல்ல எண்டு போட்டா எல்லாருக்கும் வசதிதான் காக்கா. செத்ததுகளுக்குத்தான் வசதியில்ல.

– நீ எங்கயோ கொண்டு போற.

– இல்ல, கேளுங்க. நீங்க சொன்னதெல்லாம் பாலம்மாக்குச் சொன்னன். அண்டைக்கு இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்துல இருக்கக்குள்ள ஒரு சாமியார் வந்து சொன்னதையும் சொன்னன், உடம்புதான் போகும், உசிர் போகாது, எல்லா உசிரும் ஒரே உசிர் எண்டு. எல்லாத்தையும் கேட்டுப் போட்டு அவ கேக்கிறா, அப்ப அந்த ஒரே உசிருக்கு ஆர் தலையிழுத்துப் பின்னி விடுறது எண்டு. நீங்க சொல்லுங்க, ஆர்?

– அது நஃப்சு கேக்கிற கேள்வி. உள்ளுக்குள்ள நான் நான் எண்டு அடிச்சிக்கிறது.

– அது உம்மா கேக்கிற கேள்வி. நஃப்சாம்!

– நீ கொஞ்சம் சும்மா இரி றாஹிலா.

– நானும் செஞ்சு பாத்தன் காக்கா. பொய் சொல்லல்ல. தோணியில சாஞ்சு இருந்து கண்ண மூடி, நான்தான் கடல், நான்தான் காத்து எண்டு சொல்லிச் சொல்லிப் பாத்தன். கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்தது, பல்லுப் புடுங்க ஊசி போட்ட மாதிரி. பொறகு வல இழுக்க ஆள் காணாதெண்டு கூப்பிட்டாங்க, எழும்பிப் போயிட்டன். மரத்துப் போனதத்தான் ஞானம் எண்டு நினைச்சனோ தெரியா.

– அது பழகப் பழக வரும். எனக்கும் முதல் ஒரு வருசம் வரல்ல. இப்ப எனக்கு ஒண்டும் இல்ல. பாக்கிறாய்தானே? கோவம் இல்ல, கவல இல்ல.

– கோவம் இல்லாட்டி நல்லம். நான் ஒரு விசயம் கேக்கத்தான் வந்தன். ஒழுங்கையால ரெண்டு தரம் திரும்பிப் போயிட்டு வந்தன். கேட்டா உங்களுக்குக் கோவம் வரும்.

– கோவப்பட இஞ்ச ஆரு இரிக்கிற? கேளு.

– மையவாடியில றிஸ்னாட கபுறு இருக்குதானே. அதுக்குள்ள இருக்கிறது றிஸ்னாதான் எண்டு உங்களுக்கு நிச்சயமா?

– என்ன சொன்ன?

– மூணாம் நாள் ஆஸ்பத்திரி விறாந்தையில மையத்துகளக் கிடத்தியிருக்கக்குள்ள ஒண்டின்ட முகமும் பாக்கக்கூடின மாதிரி இருக்கல்ல, இடுப்புல கிடந்த கறுப்பு நூலையும் செப்புத் தகட்டையும் வெச்சுத்தான் புடிச்சன் எண்டு நீங்கதான் எனக்குச் சொன்ன.

– ஓம். லெப்பை ஓதிக் கட்டின நூல். அதுக்கு?

– அந்த நூல் என்ட புள்ளட இடுப்பிலயும் கிடந்தது காக்கா. மறந்துட்டீங்களா? கேசினி ராவையில பயந்து பயந்து எழும்புறா எண்டு நான் சொல்ல, நீங்கதானே எங்களையும் கூட்டிக்கொண்டு போனீங்க. ரெண்டு புள்ளைகளையும் பக்கத்துல பக்கத்துல இருத்தி வெச்சு, ஒரே உருண்டையில நூல் வெட்டிக் கட்டினவர் லெப்பை.

– ஓம் அண்ணன். நானும் வந்தன். கேசினி தகட்டக் கடிச்சிக் கடிச்சிப் பாத்தாள்.

– இத மனசுல வெச்சிக்கிட்டா இவ்வளவு நாளும் என்ட வீட்டுக்கு வந்து போன?

– இல்ல காக்கா. சத்தியமா இல்ல. உசிரோட இருக்கா எண்டு பாத்துக்கொண்டு இருக்கக்குள்ள மையவாடிய ஆர் நினைக்கிற? நேத்து பஸ்ஸில வரக்குள்ளதான் நெஞ்சுல குத்தின மாதிரி வந்தது. பாலம்மாக்கு இன்னும் சொல்லல்ல.

– கேளு கனகு. ஆருட புள்ளயா இருந்தா என்ன? மண்ணுக்குள்ள போனதுக்குப் பொறகு உன்ட என்ட எண்டு ஒண்டும் இல்ல. அதத்தான் நீ வந்த நேரம் தொட்டுச் சொல்றன். எல்லாம் ஒண்டு.

– அப்ப சரி. ஒண்டுதானே? அது கேசினி எண்டு சொல்லிருங்க.

– அதெப்பிடிச் சொல்ற? அது என்ட புள்ள!

– இப்பதானே உன்ட என்ட இல்ல எண்டீங்க.

– என்ட புள்ளய நான் என்ட கையால கபுறுல வெச்சன். வெள்ளிக்கு வெள்ளி போய் யாசீன் ஓதுறன். தலைமாட்டுல நான் ஊண்டின மீசான் கட்ட அது. கேள்வி கேக்க வந்திட்டான்!

– உங்கட ஒண்டு எப்பவும் உங்கட பக்கம்தான் சாயுது காக்கா. முந்தி நீங்க என்ட மீன வாங்கக்குள்ள நிறுத்த தராசு மாதிரி.

– எழும்பு. எழும்பிப் போ கனகு.

– போறன். சண்டைக்கு வரல்ல. அதத் தோண்டி எடுத்துக் கொண்டு போகவா கேக்கிறன்? எனக்கு இனி அழவும் சக்தியில்ல. பாலம்மாக்குப் போய் நிக்க ஒரு இடம் வேணும். அவ்வளவுதான் நான் கேக்க வந்தது. வாறன் தங்கச்சி.

– இரிங்க அண்ணன். கேசினிட உடம்புல வேற ஏதும் அடையாளம் இருந்திச்சா?

– உனக்கு என்னத்துக்கு அது?

– நாங்க கபன் சீல சுத்தி வெச்சத வாங்கிக் கபுறுல வெச்ச ஆள் நீங்க. உள்ள இருந்தத நீங்க பாக்கல்ல, ஆம்புளையள் ஒருத்தரும் பாக்கல்ல. பொம்புளப் புள்ள எண்டு கழுவினது நாங்க. ரெண்டு பேர் மறைப்புக்குச் சீல புடிச்சாங்க, கழுவினது நான். சொல்லுங்க அண்ணன்.

– இடது முழங்காலுக்குக் கீழ ஒரு தழும்பு. தோணிக் கயிறு சுத்தி அறுத்தது. நல்ல நீளம்.

– ஓம்.

– என்ன தங்கச்சி ஓம்?

– இருந்திச்சி. இடது கால்ல. நான் கண்டன்.

– றாஹிலா!

– நீங்க சும்மா இரிங்க.

– என்ன கதைக்கிற எண்டு தெரிஞ்சிதான் கதைக்கியா?

– தெரிஞ்சிதான். இந்தக் கதிரையில இரிங்க அண்ணன், விழுந்திராதீங்க. அழுங்க. பரவாயில்ல, அழுங்க.

– தங்கச்சி... தண்ணி குளிரா இருந்ததா?

– என்ன அண்ணன்?

– கழுவின தண்ணி. கேசினிக்குப் பச்சத்தண்ணி ஒத்துக்கொள்ளா. தலையில ஊத்தினா மூச்சு இழுப்பா.

– இல்லண்ணன். இளஞ்சூடு. இலந்த இல போட்டுக் காய்ச்சின தண்ணி. முகத்துல விழாம கைய வெச்சி மறைச்சி மறைச்சித்தான் ஊத்தினன். தலைமயிரெல்லாம் மண். ஒவ்வொரு புரியாக் கழுவி, சிக்கெடுத்து, மூணு பின்னல் பின்னி விட்டன். பொம்புளப் புள்ளைக்கு எங்கட முற அது. பாலம்மாக்கிட்டச் சொல்லுங்க, தலையிழுத்துத்தான் அனுப்பின எண்டு.

– மூணு பின்னல்.

– ஓம், மூணு.

– சொல்றன். இதச் சொன்னா ஒரு வாய் சோறு தின்பா எண்டு நினைக்கிறன்.

– நாளைக்கு அவவக் கூட்டிக்கிட்டு வாங்க. எங்கட பொம்புளையள் மையவாடிக்குள்ள போறல்ல. மதில் உடைஞ்ச பக்கமா வெளிய நிண்டுதான் நான் பாக்கிற. ரெண்டு பேருமா நிப்பம்.

– விளக்கு, பூ ஒண்டும் கொண்டு வரமாட்டம். உங்களுக்கு ஊருக்குள்ள கதை வர வேணாம். காக்கா, நான் தராசு எண்டு சொன்னத மனசுல வெச்சுக்கொள்ளாதீங்க. போயிட்டு வாறன். காக்கா?

– போயிட்டு வாங்க அண்ணன். அவர நான் பாத்துக்கிறன்.

– போயிட்டானா?

– ஒழுங்கையால திரும்பிட்டார்.

– அண்டைக்கே உனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டு என்ட வாயப் பாத்துக்கிட்டு இருந்த. நான் ஆருக்கு ஓதினன் றாஹிலா? அஞ்சு வருசமா ஆருக்கு ஓதினன்?

– ஓதினது ஓதினதுதான். வீணாப் போகா.

– அப்ப என்ட புள்ள எங்க? கடல்லயா? கபனும் இல்லாம, கபுறும் இல்லாம? நான் அதே கடல்ல மீன் வாங்கி, அதே மீன இந்த வீட்டுக்கும் கொண்டு வந்து...

– போனவ எண்டு ஒருத்தியும் இல்ல எண்டீங்களே.

– அதச் சொல்லாத! அந்தக் கதைய இனி இந்த வீட்டுல எடுக்காத. என்ட புள்ள போயிட்டாள். என்ட றிஸ்னாவக் கடல் கொண்டு போயிட்டுது. நான் விறாந்தையில நிண்டு கண்ணத் திறந்து ஒழுங்காப் பாக்கல்ல. நூலக் கண்ட உடனே ஓம் ஓம் எண்டுட்டன். பாக்கப் பயத்துல.

– இப்பிடி வாங்க. இஞ்ச, எனக்குக் கிட்ட இரிங்க. இண்டைக்குத்தான் புள்ள போயிட்டாள் எண்டு உங்கட வாயால வருது. நீங்க ஒண்டு ஒண்டு எண்டு சொல்லிக்கிட்டு இரிக்க, இவ்வளவு நாளும் நான் தனியத்தான் அழுதன். அழுது களைச்சிப் போனன்.

– நாளைக்கு அந்த மனுசிட முகத்துல எப்பிடி முழிக்கிற? அவட புள்ளய வெச்சிக்கிட்டு, என்ட புள்ள என்ட புள்ள எண்டு...

– நல்லாவே முழிக்கலாம். நான் தழும்பு ஒண்டும் காணல்ல.

– என்ன?

– அலை வாறதுக்கு முந்தின நாள் அசறு தொழுகைக்குப் பொறகு றிஸ்னாட கால் நகம் வெட்டக்குள்ள, சின்ன விரல்ல சதையையும் சேத்து வெட்டிப் போட்டன். கத்தினாள், நீங்களும் எனக்கு ஏசின. கழுவக்குள்ள அந்த விரலத் தேடிப் பாத்தன், காயம் இருந்திச்சி. அது நம்மட றிஸ்னாதான். பாலம்மாக்கும் போய் நிக்க ஒரு இடம் வேணும் எண்டு குடுத்தன்.