தோற்ற அணிக்கு வாசித்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் பொன்னுதுரை அண்ணாச்சி அவர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் இருக்கும் ஜெபமணி அம்மா அவர்களே, பேண்டுக் குழுத் தோழர்களே, மின்னொளி மைதானத்து ரசிகப் பெருமக்களே, போட்டிக்குழுச் செயலாளர் மந்திரமூர்த்தியின் வணக்கம். இந்த ஒலிபெருக்கியில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இன்றைக்கு ஆட்டத்தை அறிவிக்க வரவில்லை.

பேண்டு மாஸ்டர் எஸ்றா மாரடைப்பில் மறைந்து இன்றோடு நான்கு நாள்.

தூத்துக்குடி என்றால் என்ன என்று வெளியூர்க்காரரைக் கேளுங்கள். உப்பு என்பார், முத்து என்பார், துறைமுகம் என்பார். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு இந்த ஊர் எது? உப்பளத்துக்காரர், மில்காரர், கடற்கரைக்காரர் என்று தெருத் தெருவாகப் பிரிந்து கிடந்த நம்மை ஒரே கேலரியில் நெருக்கி உட்கார வைத்தது எது? மின்னொளிக் கைப்பந்தும் எஸ்றா மாஸ்டரின் கிளாரினெட்டும் அல்லவா?

அவர் பேண்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணிக்கு முன்னால் வாசித்துக்கொண்டே நடந்து, மைதான வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். ஏன் என்று கேட்டேன். "ஜெயிச்சவன் தானா வீட்டுக்குப் போயிருவான் அண்ணாச்சி. தோத்தவனுக்குத்தான் துணை வேணும்" என்றார்.

அப்பேர்ப்பட்ட மனிதரைப் போன வருடம் வேண்டாம் என்றவன் நான். துறைமுகம் புதிது, ஊரும் புதிது, பழைய பேண்டு எதற்கு, ஒலிபெருக்கியில் ரிக்கார்டு போட்டால் போதும் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி அண்ணாச்சி, நான் கேலரில இருந்து பாத்துக்கிடுதேன்" என்றார்.

அந்த வருட இறுதி ஆட்டத்தில் தோற்றது, புதுத் துறைமுக வேலைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்த பையன்களின் அணி. ரிக்கார்டு பாடிக்கொண்டே இருந்தது. ரிக்கார்டுக்கு நடக்கத் தெரியுமா? "ஊரைப் பாத்துப் போங்கலே" என்று கூச்சல் போட்டோம். செருப்பு வந்து விழுந்தது. அந்தப் பையன்கள் மைதானத்தின் நடுவில் ஒருவரோடு ஒருவர் ஒட்டி நின்றார்கள்.

கேலரியிலிருந்து எஸ்றா இறங்கினார். கையில் கிளாரினெட் இல்லை. அணித் தலைவனின் தோளை ஒருமுறை தட்டினார். பிறகு தாளக்கட்டோடு கை தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். கேலரியில் இருந்த பேண்டுக்காரர்கள் தட்டினார்கள், மில்காரர்கள் தட்டினார்கள், கூச்சல் போட்டவர்களே தட்டினார்கள். அந்தப் பையன்கள் தலை நிமிர்ந்து வாசலைக் கடந்தார்கள். அன்று மானம் போகாமல் தப்பித்தது இந்த ஊர்.

நான் மட்டும் தட்டவில்லை. செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். மறுவாரம் என்று நினைத்தேன். ஒரு வருடம் ஓடிவிட்டது. ஜெபமணி அம்மா, அவரிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்கிறேன். என்னை மன்னியுங்கள்.

அடுத்த சனிக்கிழமை போட்டி தொடங்குகிறது. நிறுத்த வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்கள். ரிக்கார்டு இருக்காது, பேண்டு இருக்கும். தோற்ற அணி எந்த ஊராக இருந்தாலும் வாசல்வரை இசையோடு போகும், இது இந்தக் குழுவின் வாக்கு.

எஸ்றா மாஸ்டரே, இன்று தோற்றுப் போய் நிற்பது நாங்கள். எங்களைக் கொண்டுபோய் விட நீங்கள் இல்லை. சனிக்கிழமை பேண்டுக்குப் பின்னால் நான் நடப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. கை தட்டுகிறேன்.