கூப்பிடுதுறை

பாலமும் பஸ்ஸும் வராத காலம் அது. உப்பனாற்றுக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தபடி, அளத்துக்கோடி என்று ஓர் ஊர் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அந்த ஊரில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாளாம். உப்பளத்துக் கூலிக்காரி. புருஷன் கடலோடு போனவன்.

அவள் பெற்றது நாலு. முதல் மூன்றும் பிறந்த அன்றே போய்விட்டன. மருத்துவச்சி இருப்பது அக்கரையில். ஓடம் போய், ஆளை எழுப்பி, அழைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மூன்று தடவையும் அப்படியே நடந்ததாம்.

நாலாவது பெண். பிறந்த கையோடு காத்தாயி அதைக் குப்பைமேட்டில் கிடத்தச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். அவளுக்கு ஒரு முறம் தவிடு கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்தக் காலத்து வழக்கம் அது. தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எமன் மதிக்க மாட்டான், தாண்டிப் போய்விடுவான் என்று ஒரு நம்பிக்கை. தவிடாயி என்று பேர் வைத்தாள். எமன் தாண்டிப் போனான். பிள்ளை பிழைத்தது.

பள்ளிக்கூடமும் அக்கரையில்தான். சேர்க்கப் போன அன்று தேவசகாயம் வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

"தவிடாயின்னு எழுதக் கை வரலையேம்மா. நல்ல பேரா ஒண்ணு சொல்லு."

காத்தாயி வாசலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிள்ளையை வெளியே போகச் சொன்னாள். கிட்டே போய், காற்றுக்கும் கேட்காத குரலில், "மங்கையர்க்கரசி" என்றாள். தலைப்பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த பேர் அது.

"ஏட்டுல எழுதிக்குங்க ஐயா. வாயால மட்டும் கூப்பிட்டுறாதீங்க. அவன் காதுல விழுந்துரும்."

வாத்தியார் வாக்குத் தவறவில்லை. பேர் ஏட்டுக்குள்ளேயே கிடந்தது. அந்தப் பெண்ணுக்கே அது தெரியாது.

தவிடாயி படித்தாள். எப்படிப் படித்தாள் என்றால், விடியலில் நாலு நடை உப்புச் சுமந்துவிட்டு ஓடம் ஏறுவாள். சாயங்காலம் இறங்கி மறுபடி நாலு நடை சுமப்பாள். சிலேட்டு உடைந்துபோன வருஷம், உப்பு வாரும் பலகையின் காம்பால் பாத்திச் சேற்றிலேயே கணக்குப் போட்டாள். ஓடக்காரன் நாகப்பன் கேலி பண்ணுவான்: "கலெக்டரம்மா ஏறியாச்சு, இனி ஓடத்தை எடுக்கலாம்." அவள் மனசில் இருந்தது கலெக்டர் இல்லை. அக்கரையிலிருந்து வந்து சேராமலே போன மருத்துவச்சி.

பதினேழு வயசில், மழைக்காலம் பிறந்து, அளம் மூடியது. வாத்தியார் லீவில் ஊருக்குப் போய்விட்டார். ஐப்பசி நடுவில் ஒரு நாள். தவிடாயி தூரத்து அளத்தில் உப்பு அம்பாரத்துக்கு ஓலை மூடப் போயிருந்தாள். காத்தாயி துறைக்குப் பக்கத்தில் ஓலை கட்டிக்கொண்டிருந்தாள். அக்கரையிலிருந்து வந்த நாகப்பன் ஓடத்தை விட்டு இறங்காமலே கேட்டானாம்:

"யக்கா, நம்ம ஊருல மங்கையர்க்கரசின்னு யாரு?"

காத்தாயியின் கை நின்றது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேர். தண்ணீர்ப் பக்கமிருந்து வருகிறது. எமன் தேடி வந்துவிட்டான் என்றே நினைத்தாள்.

"யாரு கேக்குறது?"

"காயிதம் வந்திருக்காம். தபால்காரர் கேக்கச் சொன்னாரு."

"அப்படி யாரும் இந்த ஊருல இல்ல தம்பி."

"அதான பாத்தேன். இந்த உப்புக்காட்டுல எந்த அரசி வந்து குடியிருக்கப்போறா. ஏழு நாள் வச்சிருப்பாராம். ஆள் வரலேன்னா வந்த எடத்துக்கே அனுப்பிருவாராம்."

"அனுப்பட்டும்" என்றாள் காத்தாயி. அன்றைக்கு வீட்டு வாசலில் வேப்பிலை சொருகினாள். எமனை ஏமாற்றிவிட்டதாகத்தான் அவளுக்கு நினைப்பு.

மறுநாளிலிருந்து தவிடாயி துறைக்கு நடந்தாள். "மாமா, எனக்குக் காயிதம் வந்துச்சா?" "உன் பேருல ஒண்ணும் வரல தாயி." மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். அவனும் பொய் சொல்லவில்லை. பிறகு வெள்ளம் வந்தது. நாகப்பன் ஓடத்தை இழுத்துக் கட்டிவிட்டான். தவிடாயி மூலையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கஞ்சியைத் தொடவில்லை.

ஏழாம் நாள் காலையில் தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"உசுரு போகுதுடி எனக்கு. சொல்லு."

அப்போதுதான் சொன்னாளாம். வாத்தியார் மனுப் போட்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற படிப்பு, ஒன்றரை வருஷம். சோறு அவர்களே போடுவார்கள், உபகாரச் சம்பளமும் கொடுப்பார்கள், படித்து முடித்தால் சர்க்கார் உத்தியோகம். எடுத்தால் காகிதம் வரும், அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். கார்த்திகை முதல் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும்.

"கெடைக்காட்டி அசிங்கமாப் போகுமேன்னு உங்கிட்டச் சொல்லல. இப்பக் கெடைக்கல. தவிட்டுக்கு வாங்கின உசுருக்குத் தவிடுதானம்மா வரும்."

காத்தாயி எழுந்தாள். செருப்பில்லை, முந்தானை தோளில் இல்லை, ஓடினாள். என்ன ஏது என்று தெரியாமல் மகளும் பின்னாலேயே ஓடினாள்.

துறையில் தண்ணீர் சேற்று நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது. "தம்பி, ஓடத்தை எடு. உன் காலுல விழுறேன்" என்றாள்.

நாகப்பன் தலையை ஆட்டினான். "யக்கா, இந்தத் தண்ணியில எடுத்தா நம்ம மூணு பேரையும் கடல்லதான் பொறுக்கணும்."

அக்கரையில் ஒரு குடை தெரிந்தது. தபால்காரர். ஓடம் கட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறார். அவர் தோளில் பை. இன்றைக்கு அந்தப் பையோடு எல்லாம் போய்விடும்.

அளத்துக்காரிகள் பாத்திக்குப் பாத்தி கூப்பிடுவது ஒரு தினுசு. இரண்டு கையையும் குவித்து, அடிவயிற்றிலிருந்து எடுத்து வீசுவார்கள். காத்தாயி அப்படி வீசினாள்: "தபால்காரவுகளே, காயிதத்த அனுப்பிறாதீங்க."

அவர் நின்றார். காதில் கை வைத்தார். பையை உயர்த்திக் காட்டிக் கையை விரித்தார். யாருடைய காகிதம்?

காத்தாயி தண்ணீரைப் பார்த்தாள். பேரைச் சொல்லவேண்டும். சொன்னால் அவன் கேட்பான். மூன்று பிள்ளையைக் கொண்டுபோனவன் இந்தத் தண்ணீரில்தானே இருக்கிறான். சொல்லாவிட்டால் மகள் அந்த மூலையிலிருந்து எழுந்திருக்கப்போவதில்லை. அதையும் அவள் வெள்ளம் வந்த நாளிலிருந்து பார்த்துவிட்டாள்.

மகளைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. நாகப்பன் கரையிலிருந்து எறிந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"மங்கையர்க்கரசி."

காற்று அதைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போனது.

"மங்கையர்க்கரசி."

அவர் இன்னும் காதில் கை வைத்தபடியே நிற்கிறார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, கரையில் நின்ற நாய்கள் குலைப்பதை நிறுத்தினவாம். அவள் தொண்டைக்குள் ஏதோ அறுந்தது. வாயில் ரத்தம் கரித்தது.

அக்கரையில் தபால்காரர் பையைத் திறந்தார். ஒரு காகிதத்தை எடுத்தார். கையை மேலே உயர்த்திக் காட்டினார்.

"யாரும்மா அது மங்கையர்க்கரசி?" என்றாள் மகள்.

"நீதாண்டி." சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. பிறகு தண்ணீரைப் பார்த்துச் சொன்னாளாம்: "கேட்டுக்கிட்டியா? கூப்பிட்டவ நான். வர்றதா இருந்தா எங்கிட்ட வா."

வெள்ளம் ஐப்பசி கடைசியில் வடிந்தது. அதுவரை அந்த மனுஷர் காகிதத்தைத் தன்னிடமே வைத்திருந்தார். கார்த்திகை முதல் தேதி, ஆஸ்பத்திரி வாசலில் போய் அவள் நின்றபோது, பேரென்ன என்று கேட்டார்களாம். வாய் தடுக்காமல் சொன்னாளாம்.

ஒன்றரை வருஷம் கழித்து, வெள்ளைச் சேலையும் கையில் மருந்துப் பெட்டியுமாக அதே ஓடத்தில் வந்து இறங்கினாள். மருத்துவச்சி இக்கரைக்கே வந்துவிட்டாள். அவள் கையில் முதலில் பிறந்தது நாகப்பன் மகளின் பிள்ளை. யாரோ முறத்தில் தவிடு கொண்டு வந்தார்களாம். "அதை மாட்டுக்குப் போடுங்க. பிள்ளைக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாளாம். அதற்குப் பிறகு அளத்துக்கோடியில் தவிட்டுக்குப் பிள்ளை வாங்கினவர் யாருமில்லை. காத்தாயிக்கு மட்டும் குரல் திரும்பவே இல்லை. சாகும்வரை காற்றாகத்தான் பேசினாள். எமன் கேட்ட கூலி அவ்வளவுதான் என்பார்கள்.

இப்போது பாலம் வந்துவிட்டது. ஓடமும் இல்லை, தபால்காரர் வந்து நின்ற மேடும் கரைந்துவிட்டது. இருந்தாலும் அந்தத் துறைக்குக் கூப்பிடுதுறை என்றே பேர். ஊரிலிருந்து ஒரு பிள்ளை படிப்புக்கோ உத்தியோகத்துக்கோ புறப்பட்டால், பஸ் பாலத்தில் ஏறி அக்கரையில் ஒரு நிமிஷம் நிற்கும். பிள்ளை இறங்கித் தண்ணீர் ஓரம் வரும். இக்கரையில் தாய் நின்று, கையைக் குவித்து, முழுப் பேரையும் மூன்று தடவை கூப்பிடுவாள். அக்கரையில் கை உயர்ந்ததைக் கண்டபிறகுதான் வீட்டுக்குத் திரும்புவாள்.