இலக்கியாவுக்கு ஒரு ரொட்டி

— கோச்சுக்காத ஜான்சி. மைதா எங்க வாங்குன, அத மட்டும் சொல்லிடு.

— கோவம் என்னா அண்ணி, நல்லா கேளுங்க. மஞ்சக்குப்பத்துல பாக்கெட் மைதாவா பாத்து வாங்குனேன். சில்லறையில வாங்கல. முந்திரி அள்ளுன கையாலயே மாவையும் அள்ளிப் போடறான் கடக்காரன். பண்ருட்டித் தோப்பெல்லாம் புயல்ல சாஞ்சிடுச்சுங்கறாங்க, கடையில மட்டும் முந்திரிக்குக் கொறச்சலே இல்ல.

— எண்ணெ?

— சூரியகாந்தி. கடலெண்ண கிட்டயே போவல.

— மேல பளபளன்னு இருக்கே, முட்ட தடவுனியா?

— ஐயோ சேசுவே! சக்கரத் தண்ணி அண்ணி அது. ஈஸ்ட்டகூட பால்ல கரைக்கல, வெதுவெதுன்னு தண்ணியிலதான் கரைச்சேன். டால்டா டப்பாவத் திருப்பித் திருப்பிப் படிச்சேன், பால் சேந்திருக்கா இல்லியான்னு வெளங்கல, எதுக்கு வம்புன்னு வெச்சிட்டேன்.

— புள்ளைங்க பேப்பர் திருத்தறப்பகூட நீ இப்பிடிப் படிச்சிருக்க மாட்ட டீச்சரம்மா.

— சிரிக்காதீங்க அண்ணி. தட்டுகூட புதுசு. பழைய கேக் தட்ட பரண்ல தூக்கிப் போட்டுட்டேன். அதப் பாத்தாலே பாப்பா மூஞ்சி வீங்குனதுதான் ஞாபகம் வருது. உங்களுக்குத் தெரியாம உள்ள வெச்சு நான்தான கேக்கு ஊட்டுனேன். ஆஸ்பத்திரி வாசல்ல உங்கம்மா என்னப் பாத்த பார்வ இருக்கே, நாண்டுக்கலாம் போல ஆயிடுச்சு.

— உடு, தெரியாமதான செஞ்ச.

— அலர்ஜின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?

— பொட்டப் புள்ளைக்கு முட்ட ஆவாது, பால் ஆவாது, முந்திரி ஆவாதுன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? எங்க மாமியா ஊரு கீரப்பாளையத்துல இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்குக் கட்டிக்க எவன் வருவான்? அசிங்கமா இருந்துச்சு, வாய மூடிக்கிட்டேன்.

— நான் வேற என்னமோ நெனச்சுட்டேன்.

— என்னா நெனச்ச?

— வேணாம் அண்ணி, சொன்னா கேவலம்.

— அட, சொல்லு.

— எங்களுக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க இந்த வூட்ல கை நனைச்சதில்ல. பாப்பாவையும் உட்டதில்ல. காலனிக்காரி கையால எதுக்குத் துன்னணும்னு நெனைக்கிறீங்கன்னு, உங்க தம்பிகிட்ட சொல்லிச் சொல்லி அழுதிருக்கேன். அந்தப் பிடிவாதத்துலதான் அன்னிக்கு அந்தக் கேக்கு ஊட்டுனதே. இந்தப் புள்ளயாவது என் கையால ஒரு வாய் துன்னட்டுமேன்னு.

— சீ, என்னா பேச்சு இது? புள்ள வாயக் கட்டிப்புட்டு அது முன்னாடி நான் மட்டும் துன்னா அது ஏங்கிப் போவாதா? அதான் நானும் துன்னல. காலம் எங்கியோ போவுது ஜான்சி. ஆபீஸ்ல நாங்க எல்லாரும் ஒண்ணா ஒக்காந்துதான் டிபன் பாக்ஸ தொறக்கறோம்.

— உங்களப் போயி அப்பிடி நெனச்சேனே! உங்க மூஞ்சப் பாக்கவே வெக்கமா இருக்கு. மன்னிச்சிடுங்க அண்ணி.

— அழுவாத. தம்பி கதிரு பொறந்த நாளும் அதுவுமா, அவன் வந்தா என்னன்னு கேப்பான். கண்ணத் தொட.

— பாப்பாவக் கூப்புடட்டா?

— கூப்புடு. மொதல்ல ஒரு துளி குடு. கொஞ்ச நேரம் பாத்துட்டு அப்புறம் மீதி.

— இலக்கியா! தங்கம், வெளயாடுனது போதும், அத்த கிட்ட வா. உனக்குன்னே சுட்டது. ஆ காட்டு.

— அத்தே, இதுக்கும் அப்புறம் ஊசி போடுவாங்களா?

— இல்லடா கண்ணு. முட்ட இல்ல, பாலு இல்ல, முந்திரி இல்ல. உனக்கு ஆவாதது இதுல ஒண்ணுமே இல்ல.

— அம்மா, அப்பன்னா இன்னிக்கு இங்கேருந்து போனதும் நாம ரெண்டு பேரும் தல முழுவாமயே நம்ம வூட்டுக்குள்ள போலாமா?