பேக்கரிக் கண்ணாடியில கட்டுன கடல்

— லைட்டைப் போடாதேக்கா! அப்பா எந்திரிச்சிடுவாரு.

— இருட்டுல தரையில உக்காந்து என்னடி பண்ற? மணி பன்னண்டாகப் போகுது. நானே ஷிஃப்ட் முடிஞ்சு இப்பத்தான் செருப்பைக் கழட்டுறேன்.

— செத்தேன்க்கா. நான் செத்தேன்.

— எங்க வார்டுல ராத்திரி பூரா ‘செத்தேன் சிஸ்டர், செத்தேன் சிஸ்டர்’னு கத்துறவங்கல்லாம் விடிஞ்சதும் காப்பி கேக்குறாங்க. மொதல்ல மூச்சு விடு. எங்க வலிக்குது?

— எனக்கு ஒண்ணுமில்ல. ஹெட்மாஸ்டருக்குத்தான்.

— உங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டருக்கா? அவருக்கு நீ ஏன்டி அழற?

— ஐயோ, மீனுக்குக்கா! என் கோமாளி மீனுக்கு. எந்நேரமும் வராண்டாவுல ரவுண்டு வர்ற மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பான், அதான் அந்தப் பேரு. ரெண்டு நாளாக் கல்லு இடுக்குல ஒளிஞ்சிக்கிட்டு வெளியவே வரல. நீயே பாரேன், செவுள் எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு.

— போன் டார்ச்சைக் காட்டு. ம்ம். பாவம், மூச்சு வாங்குறான். ஏதாவது சாப்பிட்டானா?

— காலையில போட்டதைத் துப்பிட்டான். உப்புதான்க்கா, உப்பு ஏறிடுச்சு. உப்பு பாக்குற இந்த மிதவை இருக்குல்ல, பச்சைக் கோடு சரியாத் தண்ணி மட்டத்துல நிக்கணும். சாயங்காலம் போட்டுப் பாத்தா எம்பிக்கிட்டு நிக்குது. கோடு தண்ணிக்கு மேல தெரியுது. மூணு தடவை கழுவிக் கழுவிப் போட்டேன், மூணு தடவையும் அப்படியேதான்.

— சரி. உப்பு கூடினா தண்ணி ஊத்தி எறக்கலாம். இதுக்குப் போயி ஒப்பாரியா?

— நாளைக்குப் பத்து மணிக்கு மீன் கடைக்காரர் வர்றாருக்கா! மறந்துட்டியா? இவனுக்கு ஒரு பக்கச் செட்டை சின்னது, யாரும் வாங்கலன்னு சும்மா குடுத்தாரு. ‘உன் தண்ணியை நானே வந்து டெஸ்ட் பண்ணுவேன். நல்லா இருந்தா இவனுக்கு ஜோடியை விட்டுட்டுப் போறேன். இல்லன்னா இவனையும் பையில போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவேன்’னு சொல்லித்தான் குடுத்தாரு.

— நீ என்ன குறை வெச்ச? மூணு மாசமா இந்த வீட்டுல உன் கடல் கதைதானே. மூடின பேக்கரியோட ஷோகேஸ் கண்ணாடி. ஏர்கூலர்ல இருந்து பிடுங்கின மோட்டார். நுரை எடுக்குறதுக்குக் கலர் பாட்டில்ல ஒரு மிஷின்.

— அது நல்லா வேலை செய்யுதுக்கா! அழுக்கு நுரையெல்லாம் மேல ஏறி டப்பாவுல கொட்டுது பாரு. கடையில இது ஒண்ணுக்கே கையைக் கடிக்கிற வெலை சொல்றாங்க.

— பழைய கட்டிலை அறுத்து ஸ்டாண்டு. அப்புறம் அந்த எறால்.

— எறாலை ஏன் இழுக்குற?

— ஏன்டி இழுக்க மாட்டேன்? வெறும் தொட்டியில எறாலைப் போட்டு அழுக விட்டு, வீடே நாறி, அம்மா மூக்குல துணியைக் கட்டிக்கிட்டுச் சமைச்சாங்க.

— அழுகினாத்தான் அழுக்கைத் தின்னுற கிருமி வளரும். அந்தக் கிருமி இல்லாம மீன் ஒரு வாரம் தாங்காது. ஆறு வாரம் காத்துக்கிட்டு இருந்தேன்க்கா, ஒரு நாள் கூட அவசரப்படல. கடைக்காரரே ‘பெரியவங்களுக்கே இந்தப் பொறுமை வராது’ன்னாரு.

— சொல்லும்போதே உன் மூஞ்சி எப்படி ஆகுது பாரு. அழுகையை நிறுத்திட்டுப் பெருமை அடிக்கிறா.

— பெருமையெல்லாம் நாளைக்குக் காலையில போயிடும். உப்பு எப்படி ஏறுச்சுன்னே தெரியல, அதுதான்க்கா பயம். தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது. அதனால குறையுற அளவுக்கு வெறும் நல்ல தண்ணிதான் ஊத்தணும். மீன் வர்றதுக்கு முன்னாடி தெனமும் காலையில ஊத்திட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குறையும்.

— இப்ப?

— மீன் எகிறிக் குதிச்சிடக் கூடாதுன்னு போட்டோ ஃப்ரேம் பிளாஸ்டிக்குல மூடி செஞ்சேன்ல? மூடி போட்டதுல இருந்து தண்ணி குறையவே இல்ல. காலையில ஆறு மணிக்குப் பாத்தா என் கறுப்பு டேப்புக்கு நேரா நிக்கும். பதினாறு நாளா! மூடி அவ்வளவு கச்சிதம்னு நெனச்சு என் ஃப்ரெண்ட்ஸ் கிட்டல்லாம் பீத்திக்கிட்டேன். தண்ணி குறையலன்னா உப்பு ஏறாதுல்ல? அதனால மிதவையையே போட்டுப் பாக்கல. நாளைக்கு அவர் வர்றாரேன்னுதான் இன்னைக்குப் போட்டேன்.

— மிதவை கெட்டுப் போயிருக்குமோ?

— நல்ல தண்ணியில போட்டா சரியாக் காட்டுது. தப்பு எங்கேயோ என் கிட்டதான். அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.

— அப்பா சொன்னது ஒழுகினாத்தானே? உப்புக்கு அவர் ஒண்ணும் சொல்லலியே.

— அன்னைக்கு நீ இல்ல. தொட்டியில முதல் முதலாத் தண்ணி நெறச்சப்ப வாசல்லயே நின்னுக்கிட்டு சொன்னாரு. ‘நான் ஊரு பூரா ஒழுக்கு அடைக்கிறவன். என் வீட்டுலயே ஒழுகுதுன்னா கீழ் வீட்டுக்காரன் கை கொட்டிச் சிரிப்பான். ஒரு சொட்டு ஒழுகட்டும், அன்னைக்கே இது தெருவுல.’ அதுக்கப்புறம் இந்தத் தொட்டியைப் பத்தி ஒரு வார்த்தை? தாண்டிப் போகும்போது கூட சுவத்தைப் பாத்துக்கிட்டுப் போறாருக்கா.

— அவருக்கு இப்ப வேலை எடுத்திருக்கிற வீட்டு மொட்டை மாடிதான் மண்டையில. நாலு தடவை பூசியும் ஒழுக்கு நிக்கலியாம். மழை பெஞ்சா அந்த வீட்டு ஹால்ல வாளி வெக்கிறாங்களாம்.

— அதான் சொல்றேன். அந்தக் கோவத்துல இருக்கிறவரு கிட்ட நான் போயி ‘மீன் செத்துடுச்சு’ன்னா?

— உனக்கு ஒண்ணு தெரியுமா? போன வாரம் அவர் கூட வேலை பாக்குற சித்தாள் கையில கம்பி குத்தி எங்க வார்டுக்கு வந்தாங்க. நான் ஊசி போடப் போறேன், அவங்க கேக்குறாங்க, ‘உன் தங்கச்சி வீட்டுக்குள்ள கடலைக் கட்டிப் போட்டிருக்காளாமே!’ன்னு. அவங்களுக்கு யாரு சொன்னா?

— யாரு?

— யாரு சொல்லியிருப்பா, ஹெட்மாஸ்டரா?

— சும்மா சொல்லாதே. அப்பாவா?

— அதை விடு. இப்ப பேஷன்ட்டைப் பாப்போம். அன்னைக்கு மீனை விடும்போது புது டிரிப்ஸ் டியூப் ஒண்ணு குடுத்தேனே, எங்க?

— டிராயர்ல இருக்கு.

— எடு. உப்பை ஒரேயடியா எறக்கினா மீன் தாங்குமா?

— தாங்காது. மெதுவாத்தான் எறக்கணும். பன்னண்டு பதிமூணு லிட்டர் எடுத்துட்டு, நல்ல தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டா விடியறதுக்குள்ள சரியாகும். கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். ஃபில்டர் தண்ணியும் ரெடியா இருக்கு.

— எல்லாம் தெரிஞ்சு வெச்சிக்கிட்டுத்தான் உக்காந்து அழுதியா?

— தனியாப் பண்ணித் தப்பாப் போயிடுச்சுன்னா?

— சரி, நான் இருக்கேன்ல. அந்த மூலையில துணி போட்டு மூடியிருக்கே, அது என்ன கேன்?

— அது கலந்து வெச்ச கடல் தண்ணி. இருபது லிட்டர். மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணி மாத்தணும், அதுக்காக. அதைத் தொடாதே, அதுல உப்பு இருக்கு.

— தொடல. காலு பட்டுச்சு, உருண்டுடுச்சு. இருபது லிட்டர் கேன் உருளுமாடி?

— என்னது? தள்ளு. டார்ச் அடி. அக்கா! அடியில நாலு சொம்பு கூட இல்ல! நெறைச்சு வெச்சேன்க்கா, சத்தியமா கழுத்து வரைக்கும் நெறைச்சு வெச்சேன்!

— கேன் ஓட்டையா?

— தரை காஞ்சு கெடக்கு. துணி கூட நனையல.

— எத்தனை நாளாச்சு நெறைச்சு?

— மீன் வந்த அன்னைக்கு. பதினாறு... அக்கா. பதினாறு நாள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்.

— அப்போ உன் மூடி கச்சிதமெல்லாம் இல்ல. தண்ணி எப்பவும் போலத்தான் குறையுது. நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி யாரோ உன் பேஷன்ட்டுக்கு சலைன் ஏத்திட்டுப் போறாங்க.

— யாருக்கா? அம்மாவா?

— அம்மாவா? அந்த எறாலுக்கப்புறம் அம்மா இந்த ரூம்ல துடைப்பத்தைக் கூட நீட்டி வெச்சுத்தான் பெருக்குறாங்க.

— அப்ப யாரு? வேணும்னே பண்றாங்களா? இவனைக் கொல்லணும்னா?

— உஷ். கேக்குதா? கட்டில் சத்தம். டார்ச்சை அணை. இந்தப் பக்கம் வா, கதவுக்குப் பின்னாடி.

— அக்கா, பயமா இருக்கு.

— வாயை மூடு.

— சரியா ஒரு நூல்... ஒரே ஒரு நூல்தான் எறங்கியிருக்கு... பரவால்ல, பரவால்ல. டேய் வாத்தியாரே, எங்கடா இருக்க? வெளிய வா. உனக்குத்தான் கொண்டாந்திருக்கேன்... எங்க, கேனைக் காணோம்?

— அப்பா!

— ஐயோ! யாருடீ அது? உசுரே போச்சு! ரெண்டு கழுதைங்களும் இருட்டுல என்ன பண்றீங்க?

— நீங்க சொம்பை வெச்சிக்கிட்டு என்னப்பா பண்றீங்க?

— நானா? தண்ணி... தாகம் எடுத்துச்சு.

— தாகத்துக்குக் கடல் தண்ணியா?

— பெரியவளே, நீ நர்சு வேலையை ஆஸ்பத்திரியில பாரு.

— அப்பா, நெசமாச் சொல்லுங்க. தெனமும் நீங்கதான் ஊத்துறீங்களா?

— பாப்பா, அழாதே. உன் கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். தொட்டி ஒழுகுது சாமி.

— ஒழுகுதா?

— இவ்வளவு நாளு ஒழுக்கு பாக்குறேன், எனக்குத் தெரியாதா? மீன் வந்த அன்னைக்கு ராத்திரி அதைப் பாக்கலாம்னு சும்மா வந்தேன். உன் டேப்புக்குக் கீழ ஒரு நூல் எறங்கியிருந்துச்சு. மட்டம் எறங்குதுன்னா எங்கேயோ போகுதுன்னு அர்த்தம். எந்த மூட்டுன்னு விரலை விட்டுத் தடவித் தடவிப் பாக்குறேன், பிடிபடல. மறுநாளும் ஒரு நூல்.

— அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா!

— சொன்னா? ஒரு சொட்டு ஒழுகினா தெருவுலன்னு நான்தானே வாயை விட்டேன். சொன்ன சொல்லை நிறுத்தணும்னா தொட்டியைத் தூக்கணும். தூக்க மனசு வரல. காலையில நீ எந்திரிச்சு வந்து டேப்பைப் பாத்துட்டுச் சிரிப்பியாம், அம்மா சொன்னா. அதான், யாருக்கும் தெரியாம டேப்பு வரைக்கும் நெறைச்சு விட்டுட்டு வந்து படுத்துக்குவேன். மட்டம் சரியா இருந்துச்சுன்னா ஒழுகலன்னுதானே கணக்கு?

— அதுக்கு ஏன்ப்பா அந்தக் கேன் தண்ணி?

— நீதானே மேல பெருசா எழுதி ஒட்டியிருக்க, ‘கடல் தண்ணி’ன்னு. கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே ஊத்துவாங்க? குழாய்த் தண்ணி ஊத்தி அதுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?

— அப்பா, இங்க உக்காருங்க. அவ சொல்றதைக் கேளுங்க. திட்டாதீங்க.

— நான் எங்க திட்டுறேன்? கையும் சொம்புமா மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

— அது ஒழுகலப்பா. ஆவியாப் போகுது. ஈரத் துணி காயுதுல்ல, அந்த மாதிரி. தண்ணி மட்டும்தான் மேல போகும், உப்பு உள்ளயே தங்கிடும். நீங்க அதுக்கு மேல தெனமும் உப்புத் தண்ணி ஊத்துனீங்கல்ல, உப்பு சேந்துக்கிட்டே வந்து... அதான் அவன் மூச்சு வாங்குறான்.

— ஐயையோ. நானா?

— நீங்க வேணும்னா செஞ்சீங்க?

— நானா பாப்பா அவனுக்கு இப்படிப் பண்ணேன்? இப்ப என்ன செய்யணும்? சொல்லு. நான் என்ன செய்யணும்?

— பக்கெட் எடுங்க. இந்த டியூப்புல பதிமூணு லிட்டர் உறிஞ்சணும். அக்கா, நீ அந்தப் புது டியூப்பை நல்ல தண்ணி கேன்ல மாட்டு. ஸ்டூல் மேல வை. இன்னும் உசரம்.

— ஆர்டர் போடுறா பாருங்கப்பா. எங்க பெரிய டாக்டர் தோத்தாரு.

— நீ பேசாம அவ சொல்றதைச் செய்டீ. பாப்பா, போதுமா?

— போதும்ப்பா. அக்கா, சொட்டு இன்னும் மெதுவா விடு. ஆங், அப்படியே.

— இனிமே?

— இனிமே விடியற வரைக்கும் உக்காந்திருக்கணும். நீங்க போயிப் படுங்கப்பா, அஞ்சரைக்கு வேலைக்குக் கெளம்பணும்ல.

— ஒரு நாள் போகலன்னா எந்த மாடியும் இடிஞ்சு விழுந்துடாது. நகரு, நானும் உக்காருறேன்.

— அக்கா தூங்கிட்டா.

— தூங்கட்டும். நாள் பூரா நின்ன காலு. மணி என்ன?

— நாலரை. மிதவையைப் போடுறேன். நீங்க டார்ச் அடிங்கப்பா. ஆடுது... ஆடுது... நிக்குது. பச்சைக் கோடு! அப்பா, கோட்டுக்கு நேரா நிக்குது!

— இரு, கத்தாதே. அங்க பாரு. கல்லு இடுக்குல மூக்கு தெரியுது.

— வர்றான்! அப்பா, வர்றான்! அந்தக் கோடி வரைக்கும் போறான் பாருங்க!

— போறான், போறான். ரவுண்ட்ஸ் கெளம்பிட்டான் வாத்தியாரு... ஆமா பாப்பா, அப்போ பதினாறு நாளா நெசமாவே ஒழுகலியா?

— கீழ பாருங்க. நியூஸ் பேப்பர் விரிச்சிருக்கேன். முதல் நாள் போட்ட அதே பேப்பர். ஒரு கறை கெடையாது.

— டார்ச்சைக் குடு. ம்ம். ம்ம். இந்த மூலைப் பசையை யாரு இழுத்தது?

— நான்தான்.

— ஒரே இழுப்பா?

— ஒரே இழுப்பு. மேல இருந்து கீழ வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. நடுவுல நிறுத்தினா அந்த எடத்துல விட்டுடும்னு தெரியும்.

— யாரு சொல்லிக் குடுத்தா?

— யாரும் இல்ல. பேக்கரியில எடுத்த உடைஞ்ச கண்ணாடித் துண்டுங்களை ஒட்டி ஒட்டிப் பாத்தேன். பதினோராவது தடவைதான் நின்னுச்சு. ஏன்ப்பா, சரியில்லியா?

— பாப்பா, கடைக்காரர் வந்துட்டுப் போனதும் உனக்கு ஏதாவது வேலை இருக்கா? நான் நாலு தடவை பூசியும் நிக்காத மாடி ஒண்ணு இருக்கு, நீ ஒரு தடவை வந்து பாரேன்.