முகப்பில் கிடந்த கடிதம்

அவையை அணிசெய்து தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை ரோகிணி அம்மையார் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் மேன்மைமிகு பெரியோர்களே! மானகிரியிலிருந்தும் அமராவதிபுதூரிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! துப்பாக்கி பிடித்த கையால் சுண்ணக்கட்டி பிடித்த என் தோழர், இந்தப் பாராட்டு விழாவின் நாயகர், வரலாற்றுப் பேராசிரியர் காளிதாஸ் அவர்களே! நேமத்தான்பட்டி தண்டாயுதபாணியின் நெஞ்சார்ந்த வணக்கம்.

எனக்குக் கொடுத்த நேரம் ஐந்து நிமிடம். இதைப் பேச நான் தயங்கிய காலம் முப்பத்தாறு ஆண்டு.

எங்கள் காளிதாஸ் எங்கே படித்தார் தெரியுமா? தம் அப்பாவின் தச்சுப் பட்டறையில் படித்தார். அப்பா இழைத்து வைத்த பலகையில், அப்பாவின் பென்சிலாலேயே, பானிபட் போர் எந்த ஆண்டு, பிளாசிப் போர் எந்த ஆண்டு என்று எழுதி வைப்பார். "கதவு செய்ய வச்ச பலகையக் கல்வெட்டாக்கிப்புட்டியேடா!" என்று அப்பா இழைப்புளியை எடுத்துச் சீவித் தள்ளுவார். சீவிய பலகையில் இவர் மறுபடியும் எழுதுவார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், இன்னும் கொஞ்ச நேரம்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கல்லூரியில் வரலாறு படிக்க விண்ணப்பம் போட்டார். அப்புறம் என்ன ஆயிற்று? உங்கள் கையில் இருக்கும் அழைப்பிதழ் சொல்கிறது: 'கல்லூரி கைவிட்ட மாணவர், பட்டாளத்தில் சேர்ந்து, பனிமலைக் காவலில் இருந்தபடியே பட்டம் பெற்று, பேராசிரியராக உயர்ந்தார்.' அதை மேடையில் வாசித்தபோது கைதட்டினீர்கள். அவரும் வகுப்பில் இதையே சொல்கிறாராம்.

பேராசிரியர் அவர்களே, உங்கள் வரலாற்றில் ஒரு பிழை இருக்கிறது. அதைச் செய்தவன் நான்.

பட்டறைக்குத் தபால் ஒழுங்காக வராது என்று, எங்கள் வீட்டு முகவரியை விண்ணப்பத்தில் எழுதச் சொன்னதே நான்தான். எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்புக் கதவை நல்லது கெட்டதுக்குத்தான் திறப்போம். புழக்கமெல்லாம் பின்வாசலில், தபாலும் அங்குதான் வரும். காளிதாஸ் தினமும் பின்வாசலில் வந்து நிற்பார்.

"தண்டாயுதம், எனக்குத் தபால் வந்துச்சா?"

"வரலடா."

ஒரு நாள் கேட்டார்: "புதுத் தபால்காரரு வந்திருக்காகளாம். முகப்புப் பக்கம் ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்."

நான் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பாத்துட்டேன், ஒண்ணும் இல்லடா" என்றேன்.

அவரே உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். ஆசாரி வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டுக்குள் நடந்து முகப்புவரை போகும் வழக்கம் இல்லை. பத்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். 'உள்ள வாடா' என்று ஒரு நாளாவது கூப்பிட்டேனா? அடச்சே, என்ன நட்பு அது!

தை மாதம் அக்கா கல்யாணத்துக்கு முகப்பைத் திறந்தோம். கதவடியில் ஒரு கடிதம்! வரலாற்றுத் துறையில் இடம் உண்டு, ஜூலை ஐந்துக்குள் வந்து சேரவும் என்றிருந்தது. காளிதாஸ் அப்போது பட்டாளப் பயிற்சியில் இருந்தார். அதே கல்யாணத்தில் அவர் தாயார் வள்ளிக்கண்ணு அம்மா என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, எம் மகன வேணாம்னுட்டாகளே, அவனுக்கு என்ன கொறச்சல்? நீங்க விசாரிச்சுச் சொல்லுவீகளா?"

கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. "விசாரிக்கிறேன்" என்றேன்.

சொன்னேனா? சொல்லவில்லை. அந்த அம்மா கண்ணை மூடும்வரை சொல்லவில்லை. பாதையைப் பனி மூடியதால் மகனும் கடைசி முகம் பார்க்க வர முடியவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தகுதி இல்லை போலும் என்று நினைத்தபடியே அந்தத் தாய் போய்விட்டார். அவரிடம் இனி நான் எங்கே போய்ச் சொல்வேன்?

பின்வரிசையில் யாரோ 'விடுங்கண்ணே' என்கிறீர்கள். விட முடியவில்லை, தம்பி. 'அதனால்தானே இந்தப் பெருமை' என்று ஆறுதலும் சொல்லாதீர்கள். அவர் ஏறியது அவர் உழைப்பால். தாமதம் மட்டும்தான் என்னால்.

இதோ அந்தக் கடிதம். காளிதாஸ், இது உன்னுடையது. முகப்புக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்திருக்கிறேன். வருவதும் வராததும் உன் விருப்பம். ரோகிணி அம்மா, அழைப்பிதழைத் திருத்தி அச்சடியுங்கள். கல்லூரி கைவிடவில்லை, தண்டாயுதபாணி கைவிட்டான் என்று போடுங்கள்.

பொறுத்துக் கேட்ட பேரவைக்கு நன்றி. இன்னும் ஒருவருக்குப் பதில் பாக்கி இருக்கிறது. வள்ளிக்கண்ணு அம்மா, விசாரித்துவிட்டேன். உங்கள் மகனுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

வணக்கம்.