மேலே ஆளில்லாத கயிறு

பப்பாளி இலைத் தண்டை ஒடித்தால் பால் வடியும். கழுவாமல் வாயில் வைத்தால் உதடு புண்ணாகிவிடும். நான் இரண்டு தண்ணீரில் அலசித்தான் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

என் பெயர் இஞ்ஞாசி. இருபத்திரண்டு வருஷமாகச் சங்குத் தோணியில் கயிறு பிடிக்கிறேன். சங்கு குளிக்கிறவன் கீழே போவான், அவன் கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்கும். ஒரு இழுப்பு இழுத்தால் தூக்க வேண்டும். ஏன், எதற்கு என்று யோசிக்கக் கூடாது. எங்கள் கடற்கரையில் இந்த வேலைக்குப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைத்தான் வைப்பார்கள். கயிற்றை விட்டால் தன் தங்கச்சிதான் தாலி அறுப்பாள் என்ற பயம் அவனுக்கு இருக்குமாம். கஸ்பார் என் தங்கை தஸ்நேவிஸின் புருஷன். பன்னிரண்டு வருஷம் அவனை நான்தான் தூக்கினேன்.

நல்லவன். குடிப்பான், கை நீட்ட மாட்டான். மூன்று பிள்ளைகள். எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது.

எழுபத்தேழில் புதுத் துறைமுகம் போகிற ரோட்டு முக்கில் சிலை வைப்பதற்கு ஒரு கமிட்டி போட்டார்கள். சிலை செய்ய வந்தவர் தேவபிரசாதம். நாசரேத்துக்காரர், மெட்ராஸில் படித்தவர். சங்கு குளிக்கிறவனைத்தான் செய்யப்போகிறேன் என்று எங்களைத் தேடி வந்தார். காலியாகக் கிடந்த உப்புக் குடோனில் வேலை. அங்கே ஒரு படப் புத்தகத்தைக் காட்டினார். எந்தெந்த ஊரிலோ வைத்திருக்கிற புதுமாதிரிச் சிலைகள். பிரான்ஸில் ஒரு கட்டைவிரல். ஆள் கிடையாது, விரல் மட்டும். அமெரிக்காவில் துணி காயப்போடுகிற கிளிப்பை நாலு மாடி உயரத்துக்கு நிறுத்தியிருந்தான். இன்னொருத்தன் உயிருள்ள ஆள்மேலேயே பிளாஸ்டரைப் பூசி, காய்ந்ததும் உரித்தெடுத்து உட்காரவைத்திருந்தான்.

கஸ்பார் அந்த விரலை வெகுநேரம் பார்த்தான். “மச்சான், இவன் எந்தப் பத்திரத்துல ரேகை வச்சானோ, இந்த வீக்கம் வீங்கியிருக்கு.”

“கிண்டல் பண்ணாதயும்வே,” என்றார் தேவபிரசாதம். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் அவர் வரைந்ததில் இரண்டு பேர். கீழே குளிக்கிறவன், மேலே தோணி விளிம்பில் கயிறு பிடிக்கிறவன். அதற்கு நான் இரண்டு நாள் குனிந்து நின்றேன். அடுத்த வாரம் படத்தை மாற்றிவிட்டார். மேலே ஆளைக் காணோம். கயிறு மட்டும் இருபதடி நேராகப் போய் அந்தரத்தில் நின்றது.

“மேல யாரு பிடிக்கா?” என்று கேட்டேன்.

“யாருமில்ல. அதான் மாடர்ன். உள்ள கம்பி வச்சிருவேன், தானா நிக்கும்.”

கஸ்பார் என் முதுகில் தட்டினான். “பாத்தீரா மச்சான்? மேல ஆளில்லாமலே நான் வந்துருவேம்னு மெட்ராஸ்ல படிச்சவருக்கே தெரிஞ்சிபோச்சு. நீரு கரையில உக்காந்து வெத்தல போடும்.”

நானும் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொன்னதுதானே.

புத்தகத்தில் பார்த்த மாதிரி உயிருள்ள ஆள்மேலேயே அச்சு எடுத்தது ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. கஸ்பார் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துப் பலகைப் பெட்டிக்குள் மல்லாந்து படுத்தான். காதிலும் மூக்கிலும் பஞ்சு. மூச்சு விடுவதற்கு வாயில் பப்பாளித் தண்டு. தண்டின் நுனி வெளியே தெரிகிற மாதிரி அவன்மேல் பிளாஸ்டரை ஊற்றி நிரப்பினோம். உடம்பில் வலது மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் வெளியே. அந்தக் கையில் ஒரு கயிறு, மறுமுனை என்னிடம். அது கஸ்பார் சொன்ன யோசனை. மச்சான் கையில் கயிறு இருந்தால் தனக்குப் பயமில்லை என்றான்.

துறைமுகத்திலிருந்து யாரோ இஞ்சினியர் வந்து தேவபிரசாதத்தை வெளியே கூப்பிட்டார். தேவபிரசாதம் ஒரு கடப்பாரையை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். “இழுத்தாருன்னா யோசிக்காதயும். உடைச்சிரும்.”

மெட்ராஸ் தண்ணீருக்கு அவர் இருபது நிமிஷக் கணக்கு வைத்திருந்தார். எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு. பத்து நிமிஷத்தில் கல்லாகிவிட்டது. இறுகும்போது பிளாஸ்டர் கொதிக்கும். அந்தச் சூட்டில் தண்டு துவண்டு மடங்கிவிட்டது. அவர் திரும்பி வந்து உடைத்தபோது கஸ்பார் இல்லை.

முகம் இறுகின பிறகுதான் தண்டு மடங்கியிருக்கிறது. அதனால் உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அச்சில் ஒரு கோணலும் இல்லை. தூங்குகிற மாதிரி இருந்தது. மந்திரிக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது, அச்சும் நன்றாக வந்திருக்கிறது என்று கமிட்டி அதையே வார்த்து நிறுத்திவிட்டது. கைக்கு மட்டும் அச்சு இல்லை, தேவபிரசாதம் தானாகச் செய்தார். அது தப்பு. கயிற்றை யாரும் அப்படி ஐந்து விரலாலும் பிடிப்பதில்லை. என் தங்கை உப்பளத்து வேலைக்கு அந்த வழியாகத்தான் போகிறாள். தினமும் சிலையின் காலைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுப் போகிறாள்.

விசாரணையில் தேவபிரசாதம் அழுதார். “கயிறு பிடிச்சவர் கவனிக்காம விட்டுட்டார்,” என்று சொன்னார். டாக்டர் விபத்து என்று எழுதினார். தஸ்நேவிஸும், “எங்க அண்ணன் வேணும்னா செய்வான்? கண்ணசந்திருப்பான், பாவம்,” என்றாள். கேஸை மூடிவிட்டீர்கள்.

போன திங்கட்கிழமை, அதற்குப் பிறகு முதல் தடவையாக, சங்குத் தோணிக்குப் போனேன். தோணியை நடத்துகிற தண்டல் வியாகுலம் என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். மரியாதையாகத்தான். “நீரு கரையில இரியும், இஞ்ஞாசி. இழுத்தது தெரியாத ஆளுட்ட பிள்ளையள எப்பிடிய்யா விடுவேன்?”

தோணியில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்காகத்தான் இன்றைக்கு வந்தேன். என்னை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு இழுப்பைக்கூட நான் தவறவிட்டதில்லை ஐயா. கீழே சுறா உரசினாலும் எனக்குக் கயிற்றில் தெரியும். அன்றைக்கு நான் கண்ணசரவும் இல்லை. முதல் இழுப்பு லேசாக வந்தது, கூப்பிடுகிற மாதிரி. இரண்டாவது நல்ல பலம், என் உள்ளங்கையில் தோல் உரிந்தது. மூன்றாவது நீளமாக இழுத்து, நடுவில் நின்றது. மேலே ஒரு ஆள் வேண்டும் என்று அவனுக்குத் தெரியட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். வேறு ஒன்றுமில்லை.

மூன்றும் தெரிந்தது என்று எழுதுங்கள். நாலாவது வந்தால் உடைத்துவிடலாம் என்று கடப்பாரையைக் கையில் எடுத்தும் வைத்திருந்தேன். அவன்தான் இழுக்கவில்லை.